கற்பனை ஊனுண்ணித் தாவரத்துக்கு இயற்கை வரலாறு எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1874 ஏப்ரலில் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் அமெரிக்க நாளிதழ், மடகாஸ்கர் தீவில் மனிதரை உண்ணும் மரம் ஒன்று இருப்பதாகச் செய்தி வெளியிட்டது. கார்ல் லெச்சே என்னும் பயணி அதை நேரில் கண்டதாகவும், அங்குள்ள பழங்குடியினர் ஒரு பெண்ணை அதற்குப் பலி கொடுத்ததாகவும் அச்செய்தி விவரித்தது. மரம், பயணி, பழங்குடி ஆகிய மூன்றும் இட்டுக்கட்டியவை. ஆயினும் அரை நூற்றாண்டு கழித்து, 1924-இல், மிச்சிகன் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஒருவர் மடகாஸ்கரைப் பற்றித் தாம் எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்த மரத்தைச் சேர்த்துக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தீவின் உண்மையான ஊனுண்ணித் தாவரமாகிய நெப்பந்தஸ் குடுவைச் செடியைப் பிரெஞ்சு ஆளுநர் ஃபிளாக்கூர் 17-ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருந்தார்.

அந்த மரத்தை நம்ப முடியாமற்போவதற்கு அதன் கொடூரம் காரணமன்று. அது எந்த மண்ணில் வளர்கிறது, அதற்கு என்ன குறை, ஆள் கிடைக்காத நாட்களில் என்ன செய்கிறது, எப்படி விதைக்கிறது என்னும் கேள்விகளுக்கு அக்கதையில் இடமே இல்லை. வாய் மட்டும் வரைந்த விலங்கை மரம் என்று அழைத்துவிட்டார்கள். சிறுகதைக்கோ, கணினி விளையாட்டுக்கோ, வகுப்பறைப் பயிற்சிக்கோ ஒரு ஊனுண்ணித் தாவரத்தைக் கற்பனை செய்ய விரும்புவோர் அந்தத் தவற்றைத் தவிர்க்க இந்த வழிகாட்டி உதவும். எடுத்துக்காட்டுக்காக நான் உருவாக்கிய செடியொன்றைப் படிப்படியாக வளர்த்துக் காட்டுகிறேன். அதன் பெயர் பறியிலை. அப்படி ஒரு செடி உலகில் இல்லை. ஆனால், ஒப்பீட்டுக்காகக் குறிப்பிடும் மற்றச் செடிகள் யாவும் உண்மையானவை.

முதல் படி: மண்ணிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் பொறியை முதலில் வரைகிறார்கள். மண்ணை முதலில் வரைய வேண்டும். ஊனுண்ணித் தாவரம் பசிக்காக உண்பதில்லை. தனக்கு வேண்டிய மாவுச்சத்தை எல்லாப் பச்சைச் செடிகளையும் போல ஒளிச்சேர்க்கையால் அதுவே தயாரித்துக்கொள்கிறது. பூச்சியிடமிருந்து அது பெறுவது உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜனையும், மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸையுமே. எனவே பூச்சி பிடிப்பது ஏறக்குறைய உரமிடுவதற்குச் சமம். மண்ணில் உரம் இருந்தால் அந்தச் செலவு வீண்.

செலவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பொறியாக மாறிய இலை, சாதாரண இலையளவுக்கு ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. பசையும் நொதியும் சுரக்கச் சர்க்கரை செலவாகிறது. 1984-இல் தாமஸ் கிவ்னிஷும் உடன் ஆய்ந்தவர்களும் தென்னமெரிக்காவின் புரோக்கினியா ரெடக்டா என்னும் செடியை முன்வைத்து இந்த வரவு செலவை விளக்கினார்கள். வெயிலும் நீரும் தாராளமாகக் கிடைத்து, ஊட்டம் மட்டுமே தட்டுப்படும் இடத்தில்தான் இந்த வாழ்க்கைமுறை கட்டுப்படியாகும் என்பது அவர்கள் காட்டிய முடிவு. அடர்ந்த காட்டின் இருட்டுத் தரையில் மாபெரும் ஊனுண்ணியை நிறுத்தும் ஓவியங்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே சறுக்கிவிடுகின்றன. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ ஆகிய நாடுகளின் வறண்ட சரிவுகளில் டிரோசோஃபில்லம் என்னும் ஊனுண்ணி வளர்கிறது. எனினும், விதியை அறியாமல் விதிவிலக்கை எழுதக் கூடாது.

பறியிலைக்கு நான் தேர்ந்த இடம் நீலகிரியின் மேற்குப் பகுதியில், 2,000 மீட்டருக்கு மேல், சோலைகளுக்கு இடையே விரியும் புல்வெளிகளில் நீர் கசியும் பாறைச் சரிவு. தென்மேற்குப் பருவமழையில் அப்பாறைகளின்மேல் மாதக்கணக்கில் மெல்லிய நீர்ப்படலம் வழிந்துகொண்டே இருக்கும். மண் அமிலத்தன்மை கொண்டது. பாறைமேல் மண் என்று சொல்லத்தக்கது விரற்கடை அளவே. கிடைக்கும் சத்தையும் மழை கழுவிச் செல்லும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுகளில் உறைபனி விழும். அந்தப் புல்வெளிகளில் டிரோசீரா பெல்ட்டேட்டா என்னும் பனித்துளிச் செடியும், ஈரப் பாறைகளில் யூட்ரிகுலேரியாவின் சிறு இனங்களும் உண்மையாகவே வளர்கின்றன. உண்மையான ஊனுண்ணிகள் வாழும் இடத்தில் கற்பனை ஊனுண்ணி ஒன்றை நட்டால் அந்த இடமே அதற்குப் பாதிச் சான்றாகிவிடும்.

இரண்டாம் படி: உறவைக் கண்டுபிடியுங்கள்

எந்தச் செடியும் வானத்திலிருந்து விழுவதில்லை. இன்று அறியப்பட்டுள்ள ஊனுண்ணித் தாவர இனங்கள் ஏறத்தாழ 800. அவை ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல. பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய பத்து முறை இப்பழக்கம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆகவே கற்பனையாளருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஏற்கெனவே ஊனுண்ணும் குடும்பத்தில் புதிய உறுப்பினரைச் சேர்க்கலாம். அல்லது, இதுவரை அப்பழக்கம் உறுதியாகாத குடும்பத்தில் அதைப் புதிதாகத் தோன்றச் செய்யலாம்.

இரண்டாவது வழி துணிச்சலானது என்றாலும் முறையற்றது அன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரச் சதுப்புகளில் வளரும் டிரையாந்தா ஆக்சிடென்டாலிஸ் தாவரவியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த செடி. அதன் பூந்தண்டிலுள்ள ஒட்டும் முடிகள் சிறு பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கின்றன என்பது 2021-இல்தான் வெளியானது.

பறியிலையை எரியோகாலான் பேரினத்தின் உறவாக வைத்தேன். தரையோடு ஒட்டிய இலை வட்டமும், நெடிய காம்பின் உச்சியில் வெண்பொத்தான் போன்ற பூந்தலையும் கொண்ட இப்பேரினத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இனங்கள் உண்டு. ஈர நிலமே அவற்றின் வீடு. புல், அன்னாசி முதலியவை அடங்கும் அதே வரிசையைச் சேர்ந்தது இது. மேலே சொன்ன புரோக்கினியாவும் அவ்வரிசையினதே என்பதால், கற்பனை வெகுதூரம் தாவவில்லை.

மூன்றாம் படி: பொறியை அமையுங்கள்

இயற்கை இதுவரை கண்டுபிடித்த பொறிகள் ஐந்து வகை. டிரோசீராவின் ஒட்டும் இலை, நெப்பந்தஸின் வழுக்கும் குடுவை, வீனஸ் ஈப்பொறியின் மூடும் இலை, யூட்ரிகுலேரியாவின் உறிஞ்சும் பை, ஜென்லிசியாவின் ஒருவழிக் குழல் ஆகியவை அவை. இவற்றில் மூடும் பொறியே எல்லோருடைய மனத்திலும் நிற்கிறது. அதுவோ மிக அரிதானது. ஈப்பொறியும், நீரில் வாழும் ஆல்ட்ரோவாண்டாவும் மட்டுமே அதைக் கையாளுகின்றன. ஈப்பொறி இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே. வீண் அசைவுக்குச் சர்க்கரை செலவழிக்க முடியாததால்தான் அது, ஏறத்தாழ 20 நொடிகளுக்குள் உணர்வு முடி இரண்டாம் முறை தொடப்பட்டாலன்றி மூடிக்கொள்வதில்லை. கற்பனைச் செடிக்கு அசைவு தர விரும்புவோர் இந்தக் கஞ்சத்தனத்தையும் சேர்த்தே தர வேண்டும்.

நான் ஒருவழிக் குழலைத் தேர்ந்தேன். வயல் வாய்க்காலில் மீன் பிடிக்க வைக்கும் பறியைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பை விளக்கவே வேண்டாம். மூங்கிற் சிம்புகள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நுழைந்த மீன் திரும்ப முடியாது. ஜென்லிசியா இதே உத்தியை மண்ணுக்கடியில் பச்சையமற்ற இலைகளில் வைத்திருக்கிறது. ஒற்றைச் செல் உயிர்களை அது ஈர்த்துப் பிடிக்கிறது என்பது 1998-இல் சோதனையால் உறுதியானது. பறியிலையில் இலையின் ஓரங்கள் சுருண்டு இணைந்து, 4 சென்டிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் உள்ள குழலாகின்றன. வாய் இலை நுனியில் இருக்கிறது, அடிப்பகுதி மூடியிருக்கிறது, உட்சுவரில் முடிகள் அடியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன.

இங்கே சரிவு தன் வேலையைக் காட்டுகிறது. இலை வட்டத்தில் மேட்டை நோக்கிய இலைகளின் வாயில்தான் நீர் நிறையும். பள்ளத்தை நோக்கியவை குழலானாலும் நீர் வடிந்துபோகும். ஆகவே வட்டத்தின் மேற்பாதி மட்டும் பொறியாகிறது. கீழ்ப்பாதி தட்டையாகவே நின்று ஒளிச்சேர்க்கையைக் கவனித்துக்கொள்கிறது. வளரும் இலையின் நுனியை நீரோட்டம் தொட்டால் அது சுருளத் தொடங்கும். இருவகை இலைகளை ஒரே செடி தாங்குவது புதுமையன்று. ஆஸ்திரேலியாவின் செஃபலோட்டஸ் தட்டை இலைகளையும் குடுவைகளையும் ஒருங்கே கொண்டிருக்கிறது.

இரைக்கு ஏன் அந்தக் குழலுக்குள் நுழையத் தோன்ற வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தேன், மணம், நிறம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பறியிலையின் இரை, நீர்ப்படலத்தில் வாழும் கடிக்காத சிற்றீக்களின் புழுக்கள். வேகமாக வழியும் நீரில் அவை தேடுவது உணவை மட்டுமன்று, ஒதுங்கிடத்தையும்தான். குழலுக்குள் நீர் அசைவற்று நிற்கிறது. மழையில் நனைபவன் கண்ட திண்ணைதான் அந்த ஈர்ப்பு. செடிக்கு இதில் செலவு எதுவும் இல்லை.

நான்காம் படி: செரிமானத்தைச் சரிபாருங்கள்

என் முதல் வரைவில் குழலின் இருபுறமும் திறந்திருந்தது. நீர் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறியது. படம் அழகாக இருந்தது. ஆனால் செடி நொதியைச் சுரந்த மறுகணமே அது பள்ளத்தாக்குக்குப் போய்விடும் என்பது இரண்டு நாட்கள் கழித்தே எனக்கு உறைத்தது. அடியை மூடியது அதனால்தான். அப்படியும் பெருமழையில் வாய்வழியே நீர் கலந்துகொண்டே இருக்கும். எனவே மழைக்காலத்தில் பொறி சேகரிக்க மட்டும் செய்கிறது. மழை இடைவெளி விட்டு, நீர்மட்டம் வாயின் விளிம்புக்குக் கீழே இறங்கும் நாளில்தான் உட்சுவரின் சுரப்பிகள் நொதியை வெளியிடுகின்றன. சிக்கிய புழுக்களின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியமே அதற்குத் தூண்டுதல். உண்மையான ஊனுண்ணிகளிலும் அம்மோனியம், பூச்சித் தோலின் கைட்டின் ஆகியவை சுரப்பைத் தூண்டுகின்றன.

நொதி எங்கிருந்து வந்தது என்று யாரேனும் கேட்டால், விடை எதிர்பார்த்ததைவிட அருகில் இருக்கிறது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் உண்டு. பூச்சியின் தோலிலும் உண்டு. பூஞ்சைத் தாக்குதலைத் தடுக்கச் சாதாரணச் செடிகள் வைத்திருக்கும் கைட்டின் சிதைக்கும் நொதிகளையே ஊனுண்ணிகள் சமையலுக்குத் திருப்பிக்கொண்டன. வெவ்வேறு குடும்பங்களின் ஊனுண்ணிகள் ஒரே வகைப் புரதங்களைத் தனித்தனியே இப்படி மாற்றியமைத்துள்ளன என்பதை, செஃபலோட்டஸின் மரபணுத் தொகுதியை மையமாகக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் செடிக்குப் புதிய அமிலமோ நஞ்சோ கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கதவைக் காத்த காவலாளியை அடுப்படிக்கு மாற்றினால் போதும்.

நொதியே இல்லாமலும் எழுதலாம். தென்னாப்பிரிக்காவின் ரோரிடுலா, பிசினில் பூச்சியைப் பிடிக்கிறது. ஆனால் தானே செரிப்பதில்லை. அதன்மேல் வாழும் பமெரிடியா என்னும் நாவாய்ப்பூச்சி இரையைத் தின்று கழிப்பதை இலை உறிஞ்சிக்கொள்கிறது. போர்னியோவின் நெப்பந்தஸ் லோவியை ஆராய்ந்தவர்கள், அதன் முதிர்ந்த குடுவைகள் மர மூஞ்சூறு ஒன்றின் எச்சத்தை ஏந்தும் கிண்ணங்களாகவே பயன்படுவதை 2009-இல் விளக்கினார்கள். கற்பனை இவற்றைத் தாண்டிச் செல்வது கடினம் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: கணக்கு எழுதுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே அதிகம். எனக்குப் பிடித்த படியும் இதுதான். பூச்சியின் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். பறியிலையின் உலர் எடை 200 மில்லிகிராம் என்றும், அதில் 1.5 விழுக்காடு நைட்ரஜன் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத் தேவை 3 மில்லிகிராம். அதில் பாதியை, அதாவது 1.5 மில்லிகிராமை, இரையிலிருந்து பெற வேண்டும். ஒரு புழுவின் உலர் எடை 0.1 மில்லிகிராம் எனில் அதிலுள்ள நைட்ரஜன் 0.01 மில்லிகிராம், செடி பாதியையே உறிஞ்சும் என்றால் 0.005. ஆக, 300 புழுக்கள் வேண்டும். பத்துப் பொறிகள் 120 நாட்கள் வேலை செய்தால், ஒரு பொறிக்கு நான்கு நாட்களுக்கு ஒரு புழு. நம்பத்தக்க கணக்கு இது. பொறிக்கு ஒரு நாளைக்கு நாற்பது புழு என்று விடை வந்திருந்தால் செடியையோ இரையையோ மாற்றியிருப்பேன்.

இதே தராசில் மடகாஸ்கர் மரத்தையும் நிறுத்திப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள மனித உடலில் இருக்கும் நைட்ரஜன் ஏறத்தாழ 2 கிலோ. உரக்கடையில் 4 கிலோ யூரியா வாங்கினால் ஏறக்குறைய அதே அளவு கிடைத்துவிடும். அதற்காக ஒரு மரம் தசையும் வேகமும் வளர்த்துக்கொள்வது கட்டுப்படியாகாது. மேலும், நொதி வேலை செய்யும் வேகத்தைவிடப் பேருடல் அழுகும் வேகம் அதிகம். ஈப்பொறியின் இலை, தன்னால் முழுதும் மூட முடியாத பெரிய பூச்சியைப் பிடித்தால் பல நேரங்களில் அந்த இலையே கருகி அழுகிவிடுகிறது.

ஆறாம் படி: ஓர் ஆண்டை முழுதாகக் காட்டுங்கள்

ஜூனில் மழை தொடங்கியதும் தடித்த கிழங்குத் தண்டிலிருந்து தட்டை இலைகள் விரிகின்றன. மூன்று வாரங்களில் மேற்பாதி இலைகள் சுருள்கின்றன. செப்டம்பர் வரை சேகரிப்பும், இடைவெளி நாட்களில் செரிமானமும் நடக்கும். அக்டோபரில் நீர்ப்படலம் மெலிய, இலைகளில் சேர்ந்த சத்து கிழங்குக்கு இறங்குகிறது. அப்போதே பூந்தண்டு எழுகிறது. முதல் உறைபனியில் இலைகள் கருகும். கோடை முழுவதும் கிழங்கு பாறை வெடிப்பில் உறங்கும். டிரோசீரா பெல்ட்டேட்டாவும் நிலத்தடிக் கிழங்கைக் கொண்டே பாதகமான பருவத்தைக் கடக்கிறது என்பதால், அண்டை வீட்டாரின் வழக்கத்தையே பறியிலைக்கும் தந்திருக்கிறேன்.

பூவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மகரந்தம் சுமந்து வரும் பூச்சியையே செடி தின்றுவிட்டால் விதை ஏது? பல ஊனுண்ணிகள் பூவைப் பொறியிலிருந்து வெகு உயரத்தில் வைத்திருக்கின்றன. டிரையாந்தாவோ பூந்தண்டிலேயே பிடிக்கிறது. ஆனால் அதன் முடிகள் கொசு போன்ற சிறியவற்றை மட்டும் பிடிக்கும் அளவுக்கே ஒட்டுகின்றன, தேனீ தப்பிவிடும். பறியிலை நீருக்குள் புழுக்களைப் பிடிக்கிறது, 15 சென்டிமீட்டர் உயரத்தில், பொறிகள் ஓய்ந்த பிறகு பூக்கிறது. பூவுக்கு வருபவை புல்வெளியில் வளரும் வேறு ஈக்களும் சிறு வண்டுகளும்.

ஏழாம் படி: குடியிருப்பவர்களைச் சேருங்கள்

எந்தப் பொறியும் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் பயன்படுவதில்லை. வட அமெரிக்காவின் சரசீனியா குடுவையில் வாழும் ஒரு கொசுவின் புழுக்கள், குளிர்காலத்தில் குடுவை நீரோடு சேர்ந்து உறைந்து, பனி உருகியதும் மீண்டும் நெளிகின்றன. நெப்பந்தஸ் பைகால்கரேட்டாவில் குடியிருக்கும் எறும்புகள் குடுவை நீரில் நீந்தி இரையை எடுத்து வருகின்றன. நெப்பந்தஸ் ஆம்புல்லேரியாவின் குடுவைக்குள் கைவிட்டுத் திருடும் சிறு நண்டும் உண்டு. பறியிலைக்கு நான் ஒரே ஒரு திருடனைத்தான் தந்திருக்கிறேன். குழலின் அடியைக் கடித்துத் துளையிட்டு உள்ளே இருப்பதைத் தின்னும் ஒரு தட்டான் புழு அது. துளை விழுந்த குழலில் நீர் நிற்காது. செடி அதைக் கைவிட்டு அடுத்த இலையைச் சுருட்டும்.

எட்டாம் படி: மனிதர்களை அளவோடு எழுதுங்கள்

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர் முதலிய மக்கள் உண்மையாக வாழ்கிறார்கள். இல்லாத செடிக்கு அவர்கள் வாயில் ஒரு பெயரையும், அவர்கள் கோயிலில் ஒரு சடங்கையும் புகுத்துவது 1874-ஆம் ஆண்டு நாளிதழ் செய்த அதே வேலை. உண்மையான தாவரவியல் நிறுவனத்தின் பெயரில் பொய்யான கண்டுபிடிப்பு ஆண்டை எழுதுவதும் அத்தகையதே. தாவரப் பெயரிடல் விதிப்படி, மூலமாதிரி ஒன்று, அதாவது அப்பெயருக்கு அடையாளமாகப் பாதுகாக்கப்படும் செடி மாதிரி, குறிக்கப்படாத புதிய இனப்பெயர் செல்லாது. கற்பனைச் செடிக்கு இலத்தீன் பெயர் சூட்டினால் அது எங்கோ ஒரு பட்டியலில் புகுந்து பிறரைக் குழப்பும். தமிழ்ப் பெயர் போதும், அதுவே அழகு. அச்சுறுத்தல்களை மட்டும் தயங்காமல் உண்மையாகவே எழுதலாம். நீலகிரியின் புல்வெளிகளைத் தேயிலையும், யூகலிப்டஸும், அயல்நாட்டுச் சீகை மரங்களும், நீர்த்தேக்கங்களும் எவ்வளவு சுருக்கியிருக்கின்றன என்பது கற்பனையன்று.

ஒன்பதாம் படி: குறிப்பை எழுதுங்கள்

எட்டுப் படிகளில் சேர்த்த செய்திகளை எல்லாம் வாசகரிடம் கொட்ட வேண்டியதில்லை. களக்குறிப்பு ஒன்றின் நடையில், கண்ணால் காணக்கூடியதை மட்டும் எழுதிப் பாருங்கள். மற்றவை அடியில் இருந்து தாங்கும். பறியிலைக்கு நான் எழுதியது இது:

"ஆகஸ்ட், காலை. மூன்று நாட்களாக மழை விட்டிருக்கிறது. சரிவில் நீர் நூலாக இறங்குகிறது. பாறை வெடிப்பையொட்டி உள்ளங்கையைவிடச் சிறிய பதினொரு செடிகள். ஒவ்வொன்றிலும் மேட்டுப்புற இலைகள் சுருண்டு நிற்கின்றன. பள்ளத்துப்புற இலைகள் தட்டை. குழல்களில் நீர் விளிம்புக்குச் சற்றுக் கீழே, இளம் தேநீர் நிறத்தில் இருக்கிறது. லென்ஸ் வழியே பார்த்தால் அடியில் இரண்டு புழுத்தோல்கள், உள்ளே எதுவும் இல்லை. நான்காம் செடியின் ஒரு குழல் காய்ந்திருக்கிறது. அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குப் பக்கத்து இலையின் ஓரம் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியிருக்கிறது."